பனிச்சரிவுப் பாடம் ஆவடியிலேயே தொடங்கட்டும்

டிசம்பர் நெருங்கினால் அம்பத்தூர் ஐ.டி. வளாகங்களிலும், ஆவடி, பூந்தமல்லி அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே மாதிரியான அழைப்புகள் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. கேதார்கந்தா, பிரம்மதால், குவாரி கணவாய் என ஏதோ ஒரு பனி மலையேற்றம். முன் அனுபவம் தேவையில்லை. கூடாரம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். கூடவே, கொண்டுவர வேண்டிய பொருள்களின் நீண்ட பட்டியல் ஒன்றும் வரும். கம்பளிக் குல்லாய், இரட்டைக் கையுறை, தலைவிளக்கு, குளிர்க்கண்ணாடி வரை அதில் இருக்கும். பனிச்சரிவு எங்கே விழும், எப்போது விழும், எந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும், எப்போது திரும்பிவிட வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்ற வரி மட்டும் இருக்காது. அதையெல்லாம் மலைக்குப் போனால் அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாமும் விட்டுவிடுகிறோம். அந்தப் படிப்பின் பெரும்பகுதியைச் சென்ட்ரலில் ரயில் ஏறுவதற்கு முன்பே, இந்தப் புறநகரில் இருந்தபடியே கற்றுவிடலாம். அது மட்டுமல்ல, சமவெளியிலிருந்து உல்லாசத்துக்காகப் பனிமலைக்குப் போகிறவர்கள்தான் அதைக் கட்டாயம் கற்க வேண்டியவர்கள்.

பனிச்சரிவு தமிழர்களுக்குத் தொலைவான செய்தி என்று சொல்லிவிட முடியாது. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்சாவடியைப் பனிச்சரிவு மூடியபோது, அதனடியில் புதைந்த பத்துப் பேரும் 19ஆவது மெட்ராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த நால்வர் அதில் இருந்தார்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாட்களுக்குப் பிறகு உயிருடன் மீட்கப்பட்டு நாடே வேண்டிக்கொண்டிருந்த நிலையில், பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் காலமானார். அந்தப் பத்துப் பேரும் பனியில் வாழப் பயிற்சி பெற்றவர்கள். ஆனால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை அவர்களுக்கு இல்லை. எல்லைக் காவல் அவர்களுடைய கடமை. உல்லாசத்துக்காகப் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. சரிவில் கால் வைக்காமல் திரும்பலாம், ஒரு நாள் காத்திருக்கலாம், வேறு பாதையில் போகலாம், போகாமலே இருந்துவிடலாம். இவ்வளவு பெரிய பாதுகாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்போது பயன்படுத்துவது என்று தெரியாமல் போவதுதான் வருத்தம்.

பனிச்சரிவைப் பற்றி நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பது, மலையுச்சியில் எங்கோ பனி உடைந்து, கீழே நிற்பவர் மேல் விதிபோல வந்து விழுகிறது என்பது. உண்மையில், மலையேற்றக்காரர்களையும் பனிச்சறுக்கு வீரர்களையும் கொல்லும் பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பது, புதைந்தவராலோ அவருடன் வந்தவராலோ தூண்டப்பட்டவை. காரணம் பனியின் அடுக்குகளில் இருக்கிறது. ஒவ்வொரு பனிப்பொழிவும் தனித்தனி அடுக்காகப் படிகிறது. தெளிந்த வானமும் கடுங்குளிரும் நீடித்தால், ஏற்கெனவே படிந்த பனி உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய படிகங்களாகிவிடும். அதன் மேல் புதுப் பனி கனமாக விழும்போது, அல்லது காற்று மலைமுகட்டின் ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவிக்கும்போது, பலவீனமான அடுக்கின் மேல் ஒரு கெட்டியான பலகை உட்கார்ந்துவிடுகிறது. ஒரு மனிதர் நடக்கும் எடையே அந்த அடியடுக்கை நொறுக்கப் போதும். நொறுங்கல் கண நேரத்தில் பக்கவாட்டில் பரவ, முழுப் பலகையும் பெயர்ந்து சரியும். இப்படிச் சரிய ஓரளவு செங்குத்து வேண்டும்; பெரும்பாலான ஆபத்தான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் தொடங்குகின்றன. அதைவிடச் சாய்வு குறைந்தால் பனி எளிதில் நகராது, மிகவும் கூடினால் தேங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். துயரம் என்னவென்றால், நடக்கவும் சறுக்கவும் படமெடுக்கவும் மனிதருக்குப் பிடித்த சரிவுகள் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. சரிவின் மேல் நிற்பவருக்கு மட்டும் ஆபத்து என்றும் இல்லை. பலவீனமான அடுக்கு மோசமாக இருக்கும் நாளில் கீழே தட்டையான இடத்தில் நடப்பவரும் மேலிருக்கும் சரிவை இழுத்துவிட முடியும். ஆகவே, நாம் நிற்கும் இடத்தின் சாய்வோடு தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்பதையும் பார்க்கத் தெரிய வேண்டும்.

புதைந்தவரை மீட்டுவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் நேரக் கணக்கு மனதைக் கலங்க வைக்கிறது. சுவிட்சர்லாந்தில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, முழுவதும் புதைந்தவர்களில் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்கள் பத்தில் ஒன்பது பேர் பிழைத்ததாகக் காட்டுகிறது. அரை மணி நேரம் ஆகிவிட்டால் பிழைப்பவர் மூன்றில் ஒருவர்கூட இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது தூளாகத் தெரியும் பனி, நின்றவுடன் இறுகிவிடுகிறது. உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது, மூச்சு திணறியே பெரும்பாலோர் இறக்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கும் மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும். இந்தப் பத்து நிமிடத்துக்குள் எந்த ஹெலிகாப்டரும் வராது. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் அருகே மாணாவில் எல்லைச் சாலை அமைப்பின் முகாமைப் பனிச்சரிவு மூடியபோது, ராணுவமே அருகில் இருந்தும், சிக்கிய 54 தொழிலாளர்களைத் தேடி முடிக்க மூன்று நாட்கள் ஆயின. அவர்களில் 46 பேர் பிழைத்தார்கள், அதற்கு அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கொள்கலன்கள் பெரிய காரணம். மலையேற்றக்காரர் இருப்பது துணிக் கூடாரத்தில். அவரைக் காப்பாற்றக்கூடியவர்கள் கூட வந்தவர்கள் மட்டுமே. அவர்களிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறிகை அனுப்பும், பெறும் டிரான்சீவர், துழாவும் நீளக் கம்பி, மடக்கு மண்வாரி மூன்றும் இருந்து, மூன்றையும் பழகியிருந்தால்தான் முடியும். குளிர்கால மலையேற்றங்களில் கலந்துகொள்ளும் சாதாரணப் பயணிகளுக்கு இந்த மூன்றும் தரப்படுவது நம் நாட்டில் அபூர்வம். கருவிகள் வேண்டும் என்று வற்புறுத்துவது நியாயம். ஆனால் கருவி வேலை செய்யத் தொடங்குவது, எல்லாம் தவறிப்போன பிறகு. அதற்கு முன்னால் எடுத்த முடிவுகளைத்தான் பயிற்சி முதலில் தொட வேண்டும்.

அந்த முடிவுகள் எப்படித் தவறுகின்றன என்பதற்கு நாதுலா ஒரு சான்று. 2023 ஏப்ரல் 4 அன்று காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் ஜவாஹர்லால் நேரு சாலையில், பதினைந்தாவது மைல் அருகே பனிச்சரிவு விழுந்து ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் மலையேறிகள் அல்லர். காரில் பனி பார்க்கப் போனவர்கள். அன்று பயணிகளுக்குப் பதின்மூன்றாவது மைல் வரைதான் அனுமதி இருந்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். இரண்டு மைல் கூடுதலாகப் போனதில் யார் தவறு என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்வது முறையல்ல. பனி இன்னும் நிறைய இருக்கும் இடம் சற்று தூரத்தில் தெரிகிறது, எல்லோரும் போகிறார்கள், ஓட்டுநரும் வண்டியை நிறுத்தவில்லை; அந்த நிலையில் நம் குடும்பமும் போயிருக்கும். தலைக்கு மேல் இருக்கும் சரிவைப் பார்த்து ‘இங்கே வண்டியை நிறுத்தக் கூடாது’ என்று சொல்ல ஒரு ஆளுக்காவது தெரிந்திருந்தால் என்பதுதான் கேள்வி. அந்த அளவு அறிவைத் தர மாதக்கணக்கில் பயிற்சி தேவையில்லை, இரண்டு நாள் வகுப்பு போதும்.

‘அதற்குத்தானே வழிகாட்டி இருக்கிறார், நாம் ஏன் கற்க வேண்டும்’ என்பது பொதுவாக எழும் மறுப்பு. அதில் நியாயமும் இருக்கிறது. மலைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த வழிகாட்டிக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கு இரண்டு நாள் வகுப்பில் வராது. ஆனால் அவர் எந்த நெருக்கடிக்குள் முடிவெடுக்கிறார் என்பதைப் பாருங்கள். இருபது பேர் விடுப்பு எடுத்து, பணம் கட்டி, திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். உச்சியில் படம் எடுக்காமல் திரும்பினால் நிறுவனத்துக்கு மோசமான மதிப்பீடு எழுதுவார்கள், அடுத்த சீசனில் அவருக்கு வேலை குறையும். அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது குழுவில் நான்கு பேராவது அதைப் புரிந்துகொண்டு தலையசைத்தால் அவருக்கு எவ்வளவு பலம்! பயணிகளின் பயிற்சி வழிகாட்டிக்குப் போட்டியாக வருவதில்லை, அவருடைய எச்சரிக்கைக்குத் துணையாக வருகிறது. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்ரதால் பாதையில் கர்நாடகத்திலிருந்து சென்ற 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கி ஒன்பது பேர் இறந்தார்கள். அது பனிச்சரிவு அல்ல, குளிர்காலமும் அல்ல. தென்னிந்தியச் சமவெளியிலிருந்து போகிறவர்களுக்கு மலையின் வானிலை எவ்வளவு விரைவாக மாறும் என்பதை அது காட்டியது.

இன்னும் நெருக்கமான உதாரணம் நம் வங்கக் கடலிலிருந்தே வருகிறது. 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. சென்னையில் நாம் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து, இந்த முறை நமக்கு இல்லை என்று மூச்சு விட்டோம். அதன் எச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில், 14ஆம் தேதி நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் கடும் பனிப்பொழிவாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாயிலும் சுற்றுப்புறங்களிலும் பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அக்டோபர் அங்கே மலையேற்றத்துக்கு ஏற்ற மாதம் என்று பெயர் பெற்றது. பலர் அந்தப் பெயரை நம்பி நடந்துகொண்டிருந்தார்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நமக்கு, வங்கக் கடல் புயலையும் இமயப் பனியையும் இணைத்துப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தால் பிடித்துக்கொள்வதில் நமக்குச் சிரமம் இருக்காது.

கடினமான மறுப்பு வேறொன்று. பயிற்சி பெற்றவர்களும் சாகிறார்களே? 2022 அக்டோபர் 4 காலை, உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் உயர்நிலை வகுப்பினர் 5,670 மீட்டர் உயர திரௌபதி கா தண்டா சிகரப் பகுதியில் பனிச்சரிவில் சிக்கினார்கள். 27 உடல்கள் கிடைத்தன, இருவர் காணாமலே போனார்கள். இறந்தவர்களில் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம் பதினாறு நாள் இடைவெளியில் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் ஏறி முடித்தவர். நாட்டின் புகழ்பெற்ற நிறுவனம், தேர்ந்த ஆசிரியர்கள், இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள். இவர்களையே பனி கொண்டுபோனது என்றால் அம்பத்தூரில் இரண்டு நாள் வகுப்பு நடத்தி என்ன பயன் என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கமன் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டார். உல்லாசப் பயணிகள் சிக்கிய 715 பனிச்சரிவு விபத்துகளை அலசியபோது, பாதிக்கப்பட்ட குழுக்கள் பலவற்றுக்குக் கண்முன்னே ஆபத்தின் அறிகுறிகள் இருந்தது தெரிந்தது. பழகிய சரிவு என்ற நம்பிக்கை, முன்பே போட்ட திட்டத்தை விடக் கூடாது என்ற பிடிவாதம், கூட இருப்பவரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை, தலைவர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பணிவு, மற்றவர் முந்திவிடுவார்கள் என்ற அவசரம் ஆகியவை அந்த அறிகுறிகளை மறைத்துவிட்டன. பழகிய இடத்தில், நன்கு பயிற்சி பெற்றவர்கள்கூடப் பயிற்சி குறைந்தவர்களுக்குச் சமமாக ஆபத்தை ஏற்றிருந்தார்கள் என்பதும் அவர் கண்டது. இதிலிருந்து பயிற்சி வீண் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. பனிப்படிகத்தைப் பற்றி மட்டும் சொல்லி, மனித மனத்தைப் பற்றிச் சொல்லாத பயிற்சி பாதிப் பயிற்சி. இன்று உலகில் நடக்கும் நல்ல வகுப்புகள் அந்த மறுபாதியைச் சேர்த்துக்கொண்டுவிட்டன. இன்னொன்று: சிகரம் ஏறுவோர் பனிச்சரிவு வரக்கூடிய நிலத்துக்குள் போயே தீர வேண்டும், சாதாரணப் பயணிக்கு அந்த நிலத்தைத் தொடாமலே பனியைப் பார்த்துவரும் வழிகள் ஏராளம். அந்த வழிகளைத் தெரிந்தெடுக்கச் சொல்லித் தரும் பாடம் அவருக்குப் பலன் தரும் வாய்ப்பு சிகரமேறியைவிட அதிகம்.

தடை செய்துவிட்டால் தொல்லை இல்லை என்றும் ஒரு கட்சி இருக்கிறது. நமக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போன இளம்பெண்கள் பலர். கோடை தொடங்கிவிட்ட மாதம், காய்ந்த புல் மூடிய செங்குத்துச் சரிவு, கீழிருந்து மேலே பாயும் நெருப்பு. பனிக்குப் பதில் தீ. ஆனால் பருவம், சரிவு, குழுவின் முடிவு என்ற மூன்றும் அங்கேயும் இருந்தன. அதன் பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன, பாதைகள் மூடப்பட்டன. ஆர்வம் மூடப்படவில்லை. ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர எல்லைக்குள் நாகலாபுரம் மலைக்கும் தடா அருவிக்கும் பைக்கில் போகிற கூட்டம் மேற்குப் புறநகரில் எப்போதும் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளைக் கடினத்தின்படி வகைப்படுத்தித் திறந்தது. உள்ளூர், பழங்குடி இளைஞர்களைப் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக்கியது. காட்டுத்தீப் பருவத்தில் பாதைகளை மூடுகிறது. நம் வீட்டுக்கு அருகிலேயே, பூண்டிப் பக்கம் குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று. குரங்கணியின் பாடத்தை இத்தனை தெளிவாக ஏற்றுக்கொண்டதற்கு இந்த அரசுத் திட்டத்தைப் பாராட்ட வேண்டும். அதில் இன்னும் இல்லாதது, நடக்கப் போகிறவருக்கான பயிற்சி.

கனடாவில் நடந்தது இதற்கு ஒப்பிடத் தக்கது. 2003 பிப்ரவரி 1 அன்று ரோஜர்ஸ் கணவாய் அருகே கானாட் ஓடைப் பள்ளத்தாக்கில், கல்கரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து பனிச்சறுக்குப் பயணம் வந்த 17 பேரைப் பனிச்சரிவு மூடி ஏழு மாணவர்கள் இறந்தார்கள். பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான் அதே மாகாணத்தில் வேறொரு சரிவில் ஏழு பேர் மடிந்திருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுக்க 29 சாவுகள். பெற்றோரின் கண்ணீருக்குப் பதிலாகக் கனடா மலையை மூடிவிடவில்லை. 2004இல் தேசியப் பனிச்சரிவு மையம் வந்தது. அரசின் தேசியப் பூங்காத் துறை ஒவ்வொரு பாதையும் பனிச்சரிவுக்கு எவ்வளவு ஆட்பட்டது என்று எளிது, சவாலானது, சிக்கலானது என மூன்றாகப் பிரித்து வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் குழுக்கள் குளிர்காலத்தில் எந்த வகை நிலத்துக்குப் போகலாம் என்பதற்கு விதி வந்தது. பொதுமக்களுக்கு இரண்டு நாள் அடிப்படைப் பயிற்சி பரவலானது. வட அமெரிக்காவில் பனிக்காட்டுக்குள் போகிறவர்கள் எண்ணிக்கை கடந்த முப்பது ஆண்டுகளில் பல மடங்காகியும், ஆண்டுச் சாவுகள் அதே விகிதத்தில் ஏறவில்லை. அதற்குப் பயிற்சி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். தினசரி அபாய அறிக்கையும் கருவிகளும் சேர்ந்தே அதைச் செய்தன. ஆனால் அறிக்கையை வாசிக்கவும் கருவியை இயக்கவும் கற்பித்தது பயிற்சிதான்.

அறிக்கை நம் நாட்டிலும் இருக்கிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் ஆய்வகம், 1969 முதல் மணாலியில் பனியை ஆராய்ந்துவந்த அமைப்பின் தொடர்ச்சி, காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் மாவட்டங்களுக்கு அடுத்த 24 மணி நேர எச்சரிக்கை தருகிறது: இந்த மாவட்டத்தில், இந்த உயரத்துக்கு மேல், இந்த அளவு அபாயம். ஆவடியில் இருப்பவர்களுக்கு டி.ஆர்.டி.ஓ. என்றால் பக்கத்துத் தெரு. டாங்கி வடிவமைக்கும் ஆய்வகம் நம் ஊரில்தான் இருக்கிறது. அதே நிறுவனத்தின் பனி எச்சரிக்கையைப் பனிமலைக்குப் பெட்டி கட்டும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள்? தொழில்நுட்ப அறிக்கை சாமானியருக்குப் புரியாது என்பதை நான் ஏற்கவில்லை. 2015 டிசம்பருக்கு முன் ‘கன அடி’ என்ற சொல்லைப் பூந்தமல்லி, குன்றத்தூர் வீடுகளில் யார் பேசினார்கள்? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட அந்த இரவுக்குப் பிறகு, ஏரியின் முழு உயரம் 24 அடி, இன்று எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று பாட்டிகள்கூடச் சொல்கிறார்கள். அபாய அறிக்கையை வாசிப்பதும் அப்படி ஒரு பழக்கம். அதில் கட்டாயம் சொல்லித் தர வேண்டிய ஒன்று உண்டு: ஐந்து படி அளவுகோலில் நடுவில் இருக்கும் மூன்றாம் படியைப் பார்த்து ‘பரவாயில்லை, பாதிதான்’ என்று நினைக்கக் கூடாது. ஐரோப்பாவில் பனிச்சரிவுச் சாவுகளில் ஏறத்தாழ பாதி அந்த மூன்றாம் படி நாட்களில்தான் நிகழ்கின்றன. நான்கும் ஐந்தும் வந்தால் மக்கள் தாமாகவே வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

பனியே இல்லாத ஊரில் எதைக் காட்டிக் கற்பிப்பது? நிறையக் காட்டலாம். முதல் நாள் காலை, கைப்பேசியில் இருக்கும் சாய்வுமானியை அடுக்ககத்தின் மாடிப்படியில் வைத்துப் பார்க்கட்டும். நம் வீட்டு மாடிப்படிகள் பலவும் 30 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். தினமும் ஏறி இறங்கும் அந்தச் சாய்விலிருந்தே பனி சரியத் தொடங்கலாம் என்பது உடலுக்குப் புரிந்துவிட்டால் ஒரு மணி நேர விளக்கவுரை மிச்சம். பிறகு போகப் போகும் பாதையின் வரைபடத்தில் சம உயரக் கோடுகள் நெருங்கி நிற்கும் இடங்களைச் சிவப்பில் தீட்டி, அவற்றின் கீழே பனி ஓடி வந்து நிற்கக்கூடிய பரப்பையும் சேர்த்துத் தீட்ட வேண்டும். முகாம் போடும் இடம் அந்தச் சிவப்புக்குள் வருகிறதா என்று தேட வேண்டும். மாலையில் பள்ளி மைதானத்தில் மணல் மூட்டைகளுக்கு அடியில் டிரான்சீவரை ஒளித்துவைத்து, பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்துத் தோண்டும் பயிற்சி. மணலிலும் குறிகை வேலை செய்யும். பதற்றமும் உண்மையாகவே வரும். இரண்டாம் நாள் முழுவதையும் முடிவெடுப்பதற்கே ஒதுக்குவேன். நடந்த விபத்துகளை அவற்றின் முடிவைச் சொல்லாமல் படிப்படியாக வைத்து, ஒவ்வொரு படியிலும் போகலாமா திரும்பலாமா என்று குழுவைக் கேட்பது. யார் பேசாமல் இருக்கிறார்கள், யாருக்குச் சந்தேகம் வந்தும் வாய் திறக்கவில்லை என்று கவனிப்பது. ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் எல்லோரும் திரும்புவது என்ற விதியைப் பழக்கமாக்குவது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு ஒன்று, அபாயகரமான ஆலையில் உடனடி ஆபத்து உண்டென்று உணரும் எந்தத் தொழிலாளியும் அதை நிர்வாகத்திடம் எழுப்பலாம், நிர்வாகம் உடனே செயல்பட வேண்டும் என்று சொன்னது. ஆலையில் இளையவருக்கும் இருக்கும் அந்த உரிமை, மலைப்பாதையில் கடைசி ஆளாக நடந்துவரும் கல்லூரிப் பெண்ணுக்கும் இருக்க வேண்டும்.

இந்த வகுப்பு முடித்தவர் மலையேறி ஆகிவிட மாட்டார். பனிக்குழி வெட்டி அடுக்குகளைச் சோதிப்பதை மைதானத்தில் கற்க முடியாது. அதற்கு அடிவார முகாமில் இன்னொரு நாள் வேண்டும், அதை நிறுவனங்கள் தங்கள் பயணத்தில் சேர்க்க வேண்டும். நேரு நிறுவனத்தின் அடிப்படை வகுப்பு 28 நாள். ஷிப்ட் வேலையில் இருப்பவருக்கும் ஐ.டி. ஊழியருக்கும் அவ்வளவு விடுப்பு கிடைக்காது. 28 நாளுக்கும் ஒன்றுமே இல்லாமைக்கும் நடுவே எதையாவது வைத்தாக வேண்டும். கற்பிக்க ஆட்களைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. ஆவடி ரயில் பாதையில் மேற்கே போனால் அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது படைப்பிரிவு இருக்கிறது. தேடல், மீட்பு ஒழுங்கைக் கற்றுத் தர அவர்களைவிடச் சிறந்தவர்கள் யார்? பனிப்பகுதிகளில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற படைவீரர்கள் இந்தப் புறநகரில் குடியிருக்கிறார்கள். இந்திய மலையேற்ற அமைப்பும் ‘ட்ரெக் தமிழ்நாடு’வும் சேர்ந்து பாடத்திட்டம் ஒன்றை வகுத்துக் கொடுத்தால், ஒரு மாநகராட்சிப் பள்ளி அரங்கமும் மைதானமும் போதும். பனிச்சரிவுக்காகக் கற்ற சாய்வு, பருவம், திரும்பும் நேரம், குழு விதி எல்லாம் குடியம் பாதைக்கும், மழைக்காலத்தில் திடீரென வெள்ளம் புரளும் நாகலாபுரம் ஓடைக்கும், மார்ச் மாதத்துக் காய்ந்த மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அப்படியே பொருந்தும். இமயமலைக்கு ஒருபோதும் போகாதவருக்கும் அந்த இரண்டு நாள் வீணாகாது.

அந்த வகுப்பு வரும் வரையில், இந்தக் குளிர்காலத்துக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கட்டும் முன் நிறுவனத்திடம் சில கேள்விகளை எழுத்தில் கேட்கலாம். பாதையில் 30 டிகிரிக்கு மேற்பட்ட, பனி மூடிய சரிவுகளைக் கடக்கிறோமா, எங்கே, எந்த நேரத்தில்? முகாம் எதன் கீழே இருக்கிறது? பனிச்சரிவு எச்சரிக்கையை ஒவ்வொரு நாளும் யார் பார்க்கிறார், எந்த அளவு வந்தால் பயணம் நிற்கும்? குழுவிடம் டிரான்சீவரும் துழாவுகம்பியும் மண்வாரியும் எத்தனை? உச்சி நாளில் எத்தனை மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும்? வானிலையால் நின்றுபோனால் பணம் திரும்ப வருமா, அல்லது வேறு தேதி தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் தரும் நிறுவனத்தையே தேர்ந்தெடுங்கள். திரும்பி வருவதால் யாருக்கும் நஷ்டம் இல்லாத பயணத்தில்தான் வழிகாட்டியால் துணிந்து ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல முடியும். திரும்பும் ரயிலுக்கு முன்னால் ஒரு நாளைக் காலியாக வைத்து டிக்கெட் எடுங்கள்.